நெட்டில் போட்ட படம் யாருக்குச் சொந்தம்?

வாசகர் கேள்வி – பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் புகைப்பட உரிமை பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களைப் போடவில்லை.

சாலைப் பாலத்தில் நின்று, புதிய பாம்பன் ரயில் பாலத்தின் தூக்குப் பகுதி மேலே ஏற, அடியில் விசைப்படகுகள் வரிசையாகக் கடப்பதைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். ராமேஸ்வரத்தில் ஒரு தங்கும் விடுதி அதை எடுத்துத் தன் பக்கத்திலும் மடிப்பு நோட்டீஸிலும் போட்டிருக்கிறது. கேட்டால், “கூகுளில் கிடைத்தது, நெட்டில் போட்டால் எல்லோருக்கும் பொதுதானே, பாலமே ரயில்வேயுடையது, உனக்கென்ன உரிமை” என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகர், பாம்பன்

பாலம் ரயில்வேயுடையது, படம் உங்களுடையது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். எடுத்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது. அதற்குப் பதிவும் வேண்டாம், ஓரத்தில் முத்திரையும் வேண்டாம். கட்டடக்கலைப் படைப்புகளைப் படமெடுத்து வெளியிடுவதை அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதனால் பாலத்தைக் காட்டி உங்கள் வாயை அடைக்க முடியாது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நீங்கள் நின்ற அதே இடத்தில் இன்னொருவர் நின்று அதே காட்சியைத் தன் கேமராவில் எடுத்தால் அது அவர் படம். அதை நீங்கள் தடுக்க முடியாது.

இன்ஸ்டாகிராமில் கணக்கு தொடங்கியபோது நீங்கள் ஒப்புக்கொண்ட விதிகள், படத்தைக் காட்டவும் நகலெடுக்கவும் அந்த நிறுவனத்துக்கு ஒரு உரிமம் தருகின்றன. அதற்கு நீங்கள் காசு கேட்க முடியாது. ஆனால் உரிமையாளர் நீங்கள்தான் என்று அதே விதிகள் சொல்கின்றன. விடுதிக்காரர் செயலியில் உள்ள ஷேர் பொத்தானை அழுத்தி உங்கள் பதிவைப் பகிர்ந்திருந்தால் அது அந்த விதிகளுக்குள் அடங்கும். படத்தை இறக்கிக்கொண்டு தன் பக்கத்தில் ஏற்றியதும், அச்சகத்துக்குக் கொடுத்ததும் அடங்காது.

இனி செய்ய வேண்டியது. விடுதிக்குப் போய்ச் சத்தம் போடாதீர்கள். சத்தம் போட்டால் அன்று இரவே பதிவை அழித்துவிடுவார்கள், உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. முதலில் ஆதாரத்தைச் சேருங்கள். பதிவின் இணைய முகவரி, கணக்கின் பெயர், தேதி எல்லாம் தெரியும்படி முழுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கணக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பதிவுக்குப் போவதைத் திரைப் பதிவாகவும் எடுத்து வையுங்கள். மடிப்பு நோட்டீஸில் இரண்டு மூன்று பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள். அச்சகத்தின் பெயர் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும், அதுவும் உதவும். பிறகு கூகுள் லென்ஸிலும் டின்ஐ தளத்திலும் படத்தைக் கொடுத்து வேறு எங்கெல்லாம் போயிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது மூலக் கோப்பு. இன்ஸ்டாகிராமில் இருப்பதோ, வாட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பியதோ மூலம் ஆகாது. போனிலோ மெமரி கார்டிலோ கிடக்கும், கை வைக்காத கோப்புதான் மூலம். அதற்குள் எக்ஸிஃப் என்ற தகவல் தொகுப்பில் எடுத்த நாள், நேரம், கேமரா மாடல் எல்லாம் பதிவாகியிருக்கும். அதைவிடவும் பலமான சாட்சி, அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவை. படகு பாலத்துக்கு முன்னால் இருக்கும்போது ஒன்று, நடுவில் ஒன்று, தாண்டிய பிறகு ஒன்று என்று வரிசையாக வைத்திருப்பவர் படம் எடுத்தவராக மட்டும்தான் இருக்க முடியும். ‘நல்லது ஒன்று போதும்’ என்று மற்றவற்றை அழித்துவிடும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு விடுதிக்கு எழுத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ் போன்ற எச்சரிக்கைக் கடிதம், அதாவது நோட்டீஸ். இது ஏன் முக்கியம் என்றால், பதிப்புரிமை இருப்பது தனக்குத் தெரியாது, சந்தேகப்படக் காரணமும் இல்லை என்று எதிராளி நிரூபித்துவிட்டால், 55ஆம் பிரிவின்படி உங்களுக்குத் தடை உத்தரவும் நகல்களை விற்று அவர் அடைந்த லாபம் முழுவதுமோ அதில் ஒரு பங்கோ மட்டுமே கிடைக்கும், நஷ்ட ஈடு கிடைக்காது. “கூகுளில் கிடைத்தது” என்ற பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். நோட்டீஸ் கையில் கிடைத்த நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சொல்ல முடியாது. எனவே படத்தின் சிறு பிரதி, முதலில் நீங்கள் வெளியிட்ட தேதி, அவர்கள் பயன்படுத்திய இடங்கள், எத்தனை நாளில் நீக்க வேண்டும், எவ்வளவு பணம் தர வேண்டும் என்பதை எல்லாம் எழுதி, பட்டுவாடா ஆனதற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். தொகையை வாய்க்கு வந்தபடி எழுதாதீர்கள். இதற்கு முன் யாருக்காவது படம் விற்ற ரசீது இருந்தால் அதை அளவாக வையுங்கள். இல்லாவிட்டால், உங்கள் ஊரில் ஒரு போட்டோகிராபரை விளம்பரப் படம் எடுக்கக் கூப்பிட்டால் என்ன வாங்குவார் என்று பார்த்து அதையொட்டிக் கேளுங்கள். படம் உங்களுடையதுதான் என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் வழக்கு, போலீஸ் என்று மிரட்டி எழுத வேண்டாம். அடிப்படையில்லாமல் மிரட்டுபவர் மீது எதிராளியே வழக்குப் போட 60ஆம் பிரிவில் வழி இருக்கிறது.

நோட்டீஸ் அனுப்பும்போதே இன்ஸ்டாகிராமின் பதிப்புரிமைப் புகார் படிவத்தையும் நிரப்பிவிடலாம். அந்தப் படிவத்திலேயே பெரும்பாலும் படம் நீக்கப்பட்டுவிடும். சட்டத்தின் வழியும் தனியாக உண்டு. 2013ஆம் ஆண்டுப் பதிப்புரிமை விதிகளில் 75ஆவது விதிப்படி, முறையான எழுத்துப் புகார் கிடைத்தால் படத்தைத் தேக்கிவைத்திருக்கும் தளம் 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க வேண்டும். அந்த மறைப்பு 21 நாள்களுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு கொண்டு வராவிட்டால் தளம் மறுபடியும் படத்தைக் காட்டலாம். ‘நீக்கிவிட்டார்கள், முடிந்தது’ என்று இருந்துவிடுபவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

விடுதியின் தலைமை அலுவலகம் சென்னையிலோ டெல்லியிலோ இருக்கிறது என்று தயங்க வேண்டாம். வழக்குத் தொடுப்பவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்கிறது 62ஆம் பிரிவு. உங்களுக்கு அது ராமநாதபுரம். மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டையும் கோப்பையும் சாட்சியாக வைக்க, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். இரண்டு பகுதியாக இருக்கும்: முதல் பகுதியில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் ஒரு தொழில்நுட்ப வல்லுநர். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பிலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டையும், அதில் எழுத வேண்டும். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பதால்தான் மூலத்தில் கை வைக்காதீர்கள் என்று இவ்வளவு சொல்கிறோம்.

தெரிந்தே மீறியவருக்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் ஒரு மடிப்பு நோட்டீஸுக்காக முதல் நாளே காவல் நிலையப் படி ஏறுவதை நாங்கள் சொல்ல மாட்டோம். இப்படிப்பட்டவற்றில் உரிய பணமும் அடுத்த பதிப்பில் உங்கள் பெயரும் கிடைப்பதுதான் நல்ல முடிவு. அது ஒரு கடிதத்திலேயே கிடைக்கக்கூடியது.

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண்கள் பகுதியில் எடுத்த படங்களை ஸ்டுடியோக்காரர் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டுவிட்டார். குடும்பத்தில் எல்லோருக்கும் மனவருத்தம். “எடுத்தவன் நான், உரிமை எனக்கு” என்கிறார். எடுத்தவருக்குத்தான் உரிமை என்று நீங்களும்தானே சொல்கிறீர்கள்? – வாசகி, கீழக்கரை

அந்தப் பொது விதிக்கு 17ஆம் பிரிவு வைத்திருக்கும் விலக்குகளில் ஒன்றில் உங்கள் கல்யாணம் வருகிறது. ஒருவர் கேட்டுக்கொண்டதன் பேரில் கூலி வாங்கிக்கொண்டு எடுக்கும் புகைப்படத்துக்கு, மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால், கேட்டுக்கொண்டவர்தான் முதல் உரிமையாளர். எடுத்தவர் ஆசிரியராகவே இருப்பார், ஆனால் உரிமை உங்கள் வீட்டில் இருக்கும். ஸ்டுடியோவைப் பேசி அமர்த்திப் பணம் கொடுத்தது பெண் வீடா, மாப்பிள்ளை வீடா என்று பாருங்கள். அவர்தான் எழுதிக் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முன் முன்பணம் கட்டியபோது கொடுத்த பில்லைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். ‘படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொள்ள ஸ்டுடியோவுக்கு உரிமை உண்டு’ என்ற வரி பல பில்களில் இருக்கிறது. அதன் கீழ் உங்கள் வீட்டார் கையெழுத்து இருந்தால் ஸ்டுடியோவின் பக்கம் கொஞ்சம் பலம் சேரும். வெறும் அச்சு வரி, கையெழுத்து இல்லை என்றால் உரிமை கைமாறிவிட்டதாக அவர் சொல்ல முடியாது. உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும் என்பது 19ஆம் பிரிவு. எத்தனை ஆண்டுக்கு என்று அதில் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான்.

சம்பளம் வாங்காமல் அன்புக்காகப் படம் எடுத்துக் கொடுத்த மச்சானின் படங்கள் மச்சானுக்கே சொந்தம். விருந்தாளிகள் செல்போனில் எடுத்தவையும் அப்படியே. ரா ஃபைல் (கேமராவில் பதிவான, மெருகேற்றாத கோப்பு) முழுவதையும் கேட்கலாமா என்று இன்னொரு வாசகர் கேட்டிருந்தார். பதிப்புரிமை யாரிடம் என்பது ஒன்று, எந்தக் கோப்புகளை ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது நீங்கள் பேசிக்கொண்டதைப் பொறுத்தது. பேசும்போதே எழுதிவிடுங்கள்: எத்தனை படம், ரா உண்டா இல்லையா, ஸ்டுடியோ எத்தனை நாள் வைத்திருக்கும், நெட்டில் போடலாமா கூடாதா, பெண்கள் பகுதிப் படங்களை யார் யார் கையாளலாம். ஸ்டுடியோ நடத்துபவர்களுக்கும் இது நல்லதுதான். தொழிலுக்கு மாதிரிப் படம் வேண்டும் என்பது நியாயமான தேவை. எந்தெந்தப் படம் என்று ஆல்பம் கொடுக்கும் அன்றே காட்டி, ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டால் மனவருத்தத்துக்கே இடமில்லை.

எங்கள் ஊர்க் கரையில் ஆவுளியா (கடல்பசு) ஒன்று செத்து ஒதுங்கியது. நான் எடுத்த படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மறுநாள் ஒரு சேனலில் என் பெயர் இல்லாமல் வந்தது. வழக்குப் போடலாமா? – வாசகர், வாலிநோக்கம்

அன்றன்றைய நிகழ்வைச் செய்தியாகச் சொல்வதற்காக நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52ஆம் பிரிவு விதிவிலக்காக வைத்திருக்கிறது. கடல்பசு ஒதுங்கிய செய்தியுடன் அந்தப் படம் வந்ததை எதிர்த்து வெல்வது கடினம். அதே படத்தை ஆறு மாதம் கழித்து வேறொரு நிகழ்ச்சிக்கு முகப்புப் படமாகப் போட்டாலோ, வேறு யாருக்காவது விற்றாலோ செய்தி என்ற போர்வை செல்லாது. பெயர் விஷயம் தனி. படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை 57ஆம் பிரிவில் ஆசிரியருக்கு இருக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அது போகாது. எனவே பணம் கேட்டு அல்ல, பெயர் கேட்டு எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கும், எக்ஸிஃப் தகவலும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்பினால் இரண்டும் அப்படியே இருக்கும். குழுவில் போடச் சுருங்கியதே போதும். நிருபர் கேட்டால் மட்டும் டாக்குமென்டாக, அதனுடன் ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள்: ‘இந்தச் செய்திக்கு மட்டும், ஒரு முறை, என் பெயருடன் வெளியிடலாம்.’ பின்னால் தகராறு வந்தால் அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

பாசி எடுக்கப் போகும் என் அம்மாவை, விரல்களில் துணி சுற்றிக் கண்ணாடி மாட்டியபடி தண்ணீரில் நிற்கும்போது வெளியூர்க்காரர் ஒருவர் படம் எடுத்தார். அது இப்போது ஒரு அழகுப் பொருள் விளம்பரத்தில் இருக்கிறது. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. படத்தில் இருப்பவருக்கு உரிமை இல்லையா? – வாசகி, சின்னப்பாலம்

படத்தின் பதிப்புரிமை எடுத்தவரிடம்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவின் முகம் அவர் விற்கக்கூடிய சரக்கு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஆட்டோ சங்கர் வழக்கு என்று அறியப்படும் வழக்கில், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமில்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவது என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. பாசித் தொழிலைப் பற்றிய கட்டுரையிலோ கண்காட்சியிலோ அந்தப் படம் இருந்தால் எதிர்ப்பது கடினம். கிரீம் விற்கப் பயன்படுத்துவது வேறு விஷயம்.

நிறுவனத்துக்கு எழுதி, அம்மா கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். விளம்பரத் தொழிலில் மாடல் ரிலீஸ் என்பார்கள். காட்ட முடியாது, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. தளத்தில் புகார் கொடுக்கும்போது பதிப்புரிமைப் படிவத்தை நிரப்பிவிடாதீர்கள். அதில் ‘உரிமையாளர் நான்’ என்று உறுதிமொழி கொடுக்க வேண்டியிருக்கும், அது உண்மையில்லை. அந்தரங்க மீறல் என்று வேறு படிவம் இருக்கிறது, அதுதான் உங்களுக்கு. வக்கீல் செலவை நினைத்து விட்டுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், சட்ட உதவி இலவசம். ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். உதவி எண் 15100. உங்கள் அம்மா பக்கம் நியாயம் இருக்கிறது. தயங்காமல் செய்யுங்கள்.

அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். 1964 புயலுக்குப் பிறகு தனுஷ்கோடியில் அவர் எடுத்த படங்களை நெட்டிலிருந்து எடுத்து ஒருவர் காலண்டர் போட்டுவிட்டார். “பழைய படம், காலாவதி ஆகிவிட்டது” என்கிறார். – வாசகர், ராமேஸ்வரம்

ஆகவில்லை. முன்பு புகைப்படத்துக்கு மட்டும் வெளியிட்ட ஆண்டிலிருந்து காலத்தை எண்ணினார்கள். 2012 திருத்தம் அதை நீக்கிவிட்டது. இப்போது எடுத்தவரின் ஆயுளும் அவர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும். அப்பா 1990இல் காலமாகியிருந்தால் 2050 டிசம்பர் கடைசி வரை. திருத்தம் வருவதற்குள் காலம் முடிந்துபோன படங்களுக்கு மட்டும் உரிமை திரும்பி வரவில்லை. அதாவது 1951 வரை வெளியானவை. 1914இல் பழைய பாம்பன் பாலம் திறந்த காலத்தில் அச்சில் வந்த படங்களை யாரும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

உரிமை வாரிசுகள் எல்லோருக்கும் சேர்ந்தே வரும். நீங்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்றால் அக்கா தங்கை கேள்வி கேட்கலாம். அப்பா அந்தப் படங்களைப் பத்திரிகை ஒன்றில் வேலையில் இருந்தபோது எடுத்திருந்தால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்றவை அப்பாவுக்கு. ஸ்டுடியோவில் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டவர்களின் படங்கள் அவரவர்க்கு. அந்த நெகட்டிவ்கள் உங்கள் பெட்டியில் இருப்பதால் மட்டும் உரிமை வந்துவிடாது. தனுஷ்கோடிப் படங்களின் நெகட்டிவ் வரிசை இருந்தால் அதுதான் உங்கள் மூலக் கோப்பு. ஈரம் படாமல் பாதுகாத்து, ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

திருவிழா மலருக்கு நெட்டிலிருந்து படம் எடுத்து ‘நன்றி: கூகுள்’ என்று போட்டால் போதுமா? – வாசகர், தேவிபட்டினம்

போதாது. கூகுள் படம் இருக்கும் இடத்தைக் காட்டுகிறது, அவ்வளவுதான். நன்றி சொல்வது அனுமதிக்கு ஈடாகாது. உரிமத்துடன் படங்களைப் பொதுவில் பகிரும் தளமான விக்கிமீடியா காமன்ஸில் தேடுங்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் உரிமம் இருக்கும். பெரும்பாலும் எடுத்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறிப்பிட்டால் போதும், விற்கும் மலரிலும் போடலாம். நீங்களே அங்கு படம் ஏற்ற நினைத்தால் யோசித்து ஏற்றுங்கள். அந்த உரிமத்தைப் பின்னால் திரும்பப் பெற முடியாது.

ஓரத்தில் போட்ட என் பெயரை வெட்டிவிட்டுப் படத்தைப் போடுகிறார்கள். – வாசகர், மண்டபம்

யாருடைய படம் என்று காட்டும் தகவலைத் தெரிந்தே நீக்குவது 65பி பிரிவில் தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. வெட்டிய பிரதியையும் பெயருள்ள பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புகாரில் காட்டுங்கள். பெயரை மூலையில் போட்டால் வெட்டுவது சுலபம். முக்கியமான பொருளின் விளிம்பை ஒட்டி, வெளிறிய எழுத்தில் போட்டால் வெட்டும்போது படமே கெடும்.

ட்ரோனில் எடுத்த படத்துக்கும், மன்னார் வளைகுடாத் தீவில் எடுத்த படத்துக்கும் உரிமை உண்டா? – வாசகர், உச்சிப்புளி

உண்டு. ஆனால் அதை வெளியிடும்போதே நீங்கள் எங்கே பறக்கவிட்டீர்கள் என்பதற்கும் சாட்சி கொடுத்துவிடுகிறீர்கள். உங்கள் ஊரிலேயே கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்பதை நிறத்தால் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனை எடுக்காதீர்கள். தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் நுழையவும் படமெடுக்கவும் வனத்துறை அனுமதி தேவை.

எல்லாப் படத்தையும் பதிவு செய்துவிடலாமா? – வாசகர், தொண்டி

வேண்டாம். பதிவு இல்லாமலே வழக்குப் போடலாம். பதிவு, நீதிமன்றத்தில் முதல்நிலைச் சான்றாக நிற்கும் என்பதே அதன் பயன். விற்பனைக்கு வைத்திருக்கும், திருட்டுப் போக வாய்ப்புள்ள ஒன்றிரண்டு படங்களுக்குச் செய்யுங்கள். பதிப்புரிமை அலுவலகத்தின் தளத்தில் 14ஆம் எண் படிவம், கலைப்படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், ஒவ்வொரு படைப்புக்கும் தனி விண்ணப்பம். விண்ணப்பத்துக்கு டைரி எண் கொடுத்த பிறகு ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருப்பார்கள். அதன் பிறகே ஆய்வு தொடங்கும். காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுத்த படமானால் வாடிக்கையாளரிடம் உரிமையை எழுத்தில் வாங்கிய பிறகே உங்களை உரிமையாளராகக் காட்டி விண்ணப்பியுங்கள்.